தட்டினால் எரிகிற டார்ச்

எங்கள் வீட்டு மூன்று கட்டை டார்ச், அதாவது மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச், தட்டினால்தான் எரியும். எத்தனை வருடமாக அப்படி என்று யாருக்கும் நினைவில்லை. அப்பா உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவார், வெளிச்சம் வரும், வயலுக்குப் போவார். அம்மாவுக்கு மூன்று தட்டு வேண்டும். நான் பின்மூடியைக் கொஞ்சம் திருகுவேன், வந்துவிடும். கடைசியில் எரிந்துவிடுகிறதே, அதனால் அதை ஒரு கோளாறாக நாங்கள் நினைத்ததே இல்லை.

2018 நவம்பர் 15 ராத்திரிதான் அது எவ்வளவு பெரிய கோளாறு என்று தெரிந்தது.

நாங்கள் இருப்பது வேதாரண்யம் பக்கத்தில். உப்பளக் காற்று நாள் முழுக்க வீட்டுக்குள் வந்து போகும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுக் கீல் எல்லாம் வெளியூரில் பத்து வருடம் வரும் என்றால் இங்கே நாலு வருடம். கஜா புயல் வருகிறது என்று அன்று சாயங்காலமே கரண்டை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இரண்டு லைட் இருந்தன. ஒன்று இந்த மூன்று கட்டை. தாத்தா வாங்கியது, பித்தளை உடம்பு, மேலே நிக்கல் பூச்சு. இன்னொன்று சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றுகிற எல்இடி லைட். கரண்ட் போகும்வரை அதைச் சொருகியே வைத்திருந்தேன். அதில் சிவப்புப் புள்ளி நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, புதுக் கட்டை வாங்கக் கடைக்குப் போகாமல் இருந்துவிட்டேன்.

எல்இடி லைட் அரை மணி நேரம்கூட வரவில்லை. மங்கி, நீலமாகி, நின்றுபோனது. நள்ளிரவுக்கு மேல் காற்று முறுக்கிக்கொண்டு வந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகிற சத்தம் கேட்டது. கொட்டகையில் மாடு கத்தியது. அவிழ்த்துவிட வேண்டும். அப்பா மூன்று கட்டையை எடுத்துத் தட்டினார். எரிந்தது. வாசற்படி இறங்குவதற்குள் அணைந்தது. மறுபடி தட்டினார். ஒரு மின்னல் மாதிரி வந்து போனது. அந்த மழையில் நின்று டார்ச்சைத் தட்டிக்கொண்டே இருந்த அவர் கையை நான் இன்னும் மறக்கவில்லை. கடைசியில் செல்போன் வெளிச்சத்தில், அதை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக்கொண்டு, போய் மாட்டை அவிழ்த்தோம்.

புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. விழுந்த தென்னையும் ஓட்டுச் சில்லும் கிடக்கிற தெருவில், பாம்பு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று தெரியாத இருட்டில், டார்ச் இல்லாமல் ராத்திரி வெளியே போக முடியாது. பெண்கள் கொல்லைக்குப் போகவே பயந்தார்கள். அந்த ஒரு மாதத்தில்தான் டார்ச் என்கிற பொருளை நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் மட்டும் பதினாலு லைட்டைப் பிரித்துப் பார்த்திருப்பேன். அவற்றில் இரண்டுதான் உண்மையிலேயே தூக்கிப் போட வேண்டியவை.

கற்றுக்கொடுத்தவர் கடைத்தெருவில் ரேடியோ, மிக்ஸி பார்க்கிற அண்ணன். அவர் கடைத் தகரம் பறந்துவிட்டது. தார்ப்பாயைக் கட்டி, கீழே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் டார்ச் லைட்டுகள் வரிசையாக நின்றன. என்னுடையதை நீட்டினேன்.

"அண்ணே, தட்டினா எரியுது. தட்டலன்னா எரியல."

"அப்பறம் என்ன தம்பி, அதுவே சொல்லுதுல்ல? கட்டையும் பல்பும் உயிரோடதான் இருக்கு, நடுவுல எங்கயோ தொடல." பிறகு லைட்டைப் பிரித்து என் கையில் கொடுத்தார். "லைட்டப் பாக்காத, வட்டத்தப் பாரு. கரண்டு எங்க கிளம்புது, எது எதத் தொட்டுட்டு எங்க வந்து சேருதுன்னு விரலால தடவிக் காட்டு."

தடவிக் காட்டினேன். முதல் கட்டையின் நெற்றி பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டைத் தொடுகிறது. பல்பின் பக்கவாட்டிலிருந்து ரிஃப்ளெக்டர் கிண்ணம். கிண்ணத்திலிருந்து சுவிட்சின் தகடு. சுவிட்சைத் தள்ளினால் அந்தத் தகடு பித்தளை உடம்பைத் தொடும். உடம்பிலிருந்து பின்மூடியின் மரை, மூடியிலிருந்து ஸ்பிரிங், ஸ்பிரிங்கிலிருந்து கடைசிக் கட்டையின் அடி. மூன்று கட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எண்ணிப் பார்த்தால் ஒன்பது பத்து இடத்தில் ஒரு உலோகம் இன்னொன்றைத் தொட வேண்டியிருக்கிறது. உள்ளே பெயருக்குக்கூட ஒரு ஒயர் கிடையாது. டார்ச்சின் உடம்புதான் ஒயர். இது எனக்கு அதுவரை தெரியாது. உடம்பு என்பது கட்டையைப் பிடித்துவைக்கிற குழாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எந்த டார்ச் வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். உடம்பை ஒதுக்கிவைத்துவிடுவேன். மூன்று கட்டையை ஒரு பழைய நோட்டு அட்டையில் சுருட்டி வரிசையாக நிறுத்தி, ஒரு முழ ஒயரின் ஒரு முனையைக் கடைசிக் கட்டையின் அடியில் வைத்து, மறுமுனையைப் பல்பின் பக்கத்தில் சுற்றி, பல்பின் பொட்டை முதல் கட்டையின் நெற்றியில் அழுத்துவேன். நன்றாக எரிந்தால் கட்டையும் பல்பும் சரி, கோளாறு உடம்பில். எரியவில்லை என்றால் உடம்பைத் திறந்து மெனக்கெட வேண்டியதே இல்லை. ஒரு நிமிட வேலை. பாதிச் சந்தேகம் அதிலேயே கழிந்துவிடும். பலரும் மூடியிலிருந்து சுரண்ட ஆரம்பித்து, பல்பு வரைக்கும் போய், கடைசியில் கட்டை தீர்ந்துபோயிருப்பதைக் கண்டுபிடிப்பார்கள்.

எங்கள் லைட்டில் அப்படி வைத்துப் பார்த்தபோது எரிந்தது, ஆனால் கொஞ்சம் சிவந்த வெளிச்சம். ஆக இரண்டு இடத்தில் கோளாறு: சிவந்த வெளிச்சம் கட்டையைக் காட்டுகிறது, தட்டினால் எரிவது உடம்பைக் காட்டுகிறது. இது அடிக்கடி நடப்பது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிட்டால், மறுநாள் அதே லைட் திரும்பி வரும்.

முதலில் கட்டை. அண்ணன் வோல்டு அளக்கிற மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். சும்மா அளந்தால் மூன்றும் 1.4 வோல்டுக்குக் கிட்டத்தட்டக் காட்டின. புதுக் கட்டை ஒன்றரை வோல்டு, கொஞ்சம் மேலேகூட இருக்கும். அதனால் மூன்றும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்லியிருப்பேன். "எரியவிட்டு அளந்து பாரு" என்றார். பல்பு எரியும்போது வைத்தால், இரண்டு கட்டை 1.3 காட்டியது. நடுக்கட்டை சரசரவென்று இறங்கி 0.7க்கு வந்தது. சும்மா நிற்கும்போது எல்லாக் கட்டையும் நல்லதாகத்தான் தெரியும். வேலை கொடுத்தால்தான் தெரியும். பழைய கட்டைக்கு உள்தடை, அதாவது தன் மின்சாரத்தைத் தானே உள்ளுக்குள் தடுப்பது, ஏறிப்போகிறது. மின்சாரம் ஓடாதவரை அது வெளியே தெரியாது. மீட்டர் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். நல்ல கட்டை என்று தெரிந்த ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், எதை எடுத்தபோது வெளிச்சம் கூடியது என்பதிலேயே சோனிக் கட்டை தெரிந்துவிடும்.

அந்த நடுக்கட்டை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான்தான் போட்டேன். இரண்டு புதுக் கட்டை வாங்கி, "இது இன்னும் இருக்கு" என்று பழையது ஒன்றை நடுவில் வைத்தேன். ஒரு கட்டைக் காசை மிச்சம் பிடிக்கிற இந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. இதில் மிச்சமாவது எதுவும் இல்லை. வரிசையில் ஒரு கட்டை முதலில் தீர்ந்தால், மற்ற இரண்டும் தம் மின்சாரத்தை அதன் வழியே தள்ளிக்கொண்டிருக்கும். தீர்ந்த கட்டை தலைகீழாக ஏற ஆரம்பிக்கும். சாதாரணக் கட்டையில் வெளி டப்பாவே துத்தநாகம், அதுதான் கரைந்து மின்சாரமாகிறது. டப்பா அரித்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே ஒழுகும். எங்கள் நடுக்கட்டையின் அட்டை உப்பியிருந்தது, அடியில் ஈரம். அதை எடுத்தபோது உடம்பின் உள்சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு.

மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

கட்டையை வெயிலில் காயவைக்கிற வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டி கட்டையைத் திண்ணையில் வரிசையாக அடுக்கிவைப்பார், சாயங்காலம் எடுத்துப் போட்டால் எரியும். அது பொய்யில்லை. சூட்டில் உள்ளே இருக்கிற ரசாயன வேலை சுறுசுறுப்பாகிறது, ஓய்வும் கிடைக்கிறது, கொஞ்சம் தெம்பு திரும்பும். ஆரம்ப காலக் கட்டைகள் விடாமல் எரியத் தெம்பில்லாமல், விட்டு விட்டு அடித்து ஓய்வு கொடுக்க வேண்டியிருந்ததால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ஃப்ளாஷ்லைட் என்று பேர் வந்தது. ஆனால் வெயிலில் திரும்பும் தெம்பு அரை மணி நேரத்துக்குக்கூட வராது. அரித்துப்போன டப்பாவைச் சூடு பண்ணினால் ஒழுகுவதுதான் சீக்கிரம் நடக்கும். அவசரத்துக்கு ஒரு ராத்திரி ஓட்டலாம், அவ்வளவுதான். கல்லால் நசுக்குவது, பல்லால் கடிப்பது, அடுப்பு மேட்டில் வைப்பது எதுவும் வேண்டாம். தீர்ந்த கட்டையை நெருப்பில் மட்டும் போடவே கூடாது, வெடிக்கும்.

சரி, உடம்புக்கு வருவோம். மூன்று புதுக் கட்டை போட்டு, மூடியைத் திருகி, சுவிட்சைத் தள்ளினேன். மங்கலாக எரிந்து நடுங்கியது. அண்ணன் மூடியைக் கழற்றச் சொன்னார். கட்டைகளைக் கட்டை விரலால் முன்னுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு ஒயரைக் கடைசிக் கட்டையின் அடியிலும் உடம்பின் விளிம்பிலும் தொடவைத்தோம். வெளிச்சம் பளீரென்று எதிரே கவிழ்ந்து கிடந்த கூரையில் போய் விழுந்தது. மூடி இல்லாமல் பளீர், மூடி போட்டால் மங்கல். அப்படியென்றால் கோளாறு மூடியில்தான். இந்த ஒயர் சோதனைக்கு ஒரு ஊக்கு போதும், சாக்லேட் சுற்றிவருகிற வெள்ளிக் காகிதமும் போதும். எந்த இடம் மேல் சந்தேகமோ அந்த இடத்தை ஒயரால் தாண்டிவிட வேண்டும். தாண்டியதும் வெளிச்சம் கூடினால் அதுதான் இடம்.

மூடியைக் கையில் வைத்துப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று பழுப்பாக, தொட்டால் பொடியாக உதிர்கிற துரு. அது மூடியின் அடியில் உட்காருகிற இடத்தில் வட்டமாக ஒரு துருக் கோடு. மரையின் பள்ளங்களில் கறுப்பாக, பசை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. பல வருட எண்ணெய், உப்பு, மண். தாத்தா காலத்தில் மூடி இறுகக்கூடாது என்று தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் வழியாக மின்சாரம் போகாது. அதோடு மண்ணையும் பிடித்துவைக்கும். தட்டும்போது ஸ்பிரிங் ஒரு மயிரிழை நகர்ந்து, துரு இல்லாத ஒரு புள்ளியைத் தொட்டிருக்கிறது. அதுதான் எங்கள் தட்டின் ரகசியம்.

துரு எவ்வளவு திருடுகிறது என்று அண்ணன் மீட்டரில் காட்டினார். லைட் எரியும்போது மீட்டர் ஒயரின் ஒரு முனையைக் கட்டையின் அடியிலும் இன்னொன்றை உடம்பிலும் வைத்தார். நல்ல மூடியாக இருந்தால் அங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.9 காட்டியது. மூன்று கட்டை சேர்ந்து கொடுக்கிற நாலரை வோல்டில் கிட்டத்தட்ட ஒரு வோல்டு அந்தத் துருவில் சூடாகிப் போய்க்கொண்டிருந்தது. குண்டு பல்புக்கு வோல்டு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதில்லை. பாதிக்கும் கீழே போய்விடும். மங்கலாக எரிகிறதே, கட்டை தீர்ந்துவிட்டது என்று எத்தனை நல்ல கட்டையை நாங்கள் தூக்கிப் போட்டிருக்கிறோம் என்று அன்று கணக்குப் போட்டு வருத்தப்பட்டேன்.

நான் உப்புத்தாளை எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டார். "பித்தளையத்தானேடா, அதுக்கு ஏன் இவ்வளவு சுரண்டுற?" குத்துவிளக்கு துலக்குகிற புளியைக் கரைத்து, தேங்காய் நாரில் தொட்டு, மரையைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். நாலு நிமிடத்தில் பித்தளை மஞ்சளாக மினுங்கியது. வெந்நீரில் அலசி, துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தோம். புளியின் ஈரம் மிச்சம் இருந்தால் அதுவே திரும்பக் களிம்பு ஏற்றும், அதனால் அலசுவதும் காயவைப்பதும் முக்கியம். அம்மா சொன்னது சரிதான். உப்புத்தாள் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும், பூச்சு போன இடத்தில் அடுத்த மழைக்குள் களிம்பு வந்துவிடும். துரு கட்டியாக ஏறிய ஸ்பிரிங்குக்கு மட்டும் உப்புத்தாள் போட்டேன். லேசான கறை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரே போதும்.

உள்சுவரில் ஒழுகிக் காய்ந்த வெள்ளைக்கு வேறு வைத்தியம். சாதாரணக் கட்டை ஒழுகினால் புளிப்புத் தன்மை, அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்க வேண்டும். அல்கலைன் கட்டை ஒழுகினால் அது புளிப்புக்கு எதிரான காரம், அதற்கு எலுமிச்சையோ வினிகரோ. எது என்பது கட்டையின் மேலேயே எழுதியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் வசதி. கையில் ஒரு பாலிதீன் பை மாட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பொடியைக் கண்ணில் படவிடாதீர்கள். அல்கலைன் காரம் கண்ணுக்கு ரொம்பக் கெடுதல்.

கடைசியாக ஸ்பிரிங்கை ஒரு சுற்று இழுத்துவிட்டேன். பல வருடம் அழுந்தி அழுந்தி அது தளர்ந்திருந்தது. மூடியைத் திருகினேன். தட்டாமல் எரிந்தது. அப்பா வாங்கி, ஆட்டிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில் அதை எரியவிட்டுக்கொண்டே வாசல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

செய்தி தெருவுக்குப் போனது. மறுநாள் முதல் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி என்று ஆளாளுக்கு லைட்டோடு வந்தார்கள். பெரும்பாலும் அதே கதை, அதே மூடி. சிலதில் பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டு அமுங்கித் தட்டையாகி, கட்டையின் நெற்றி எட்டாமல் இருந்தது. ஒரு துளி ஈயம் வைத்துக் கொடுத்ததும் சரியானது. இரண்டில் சுவிட்சின் தகடு சாய்ந்து போயிருந்தது, ஊசியால் நிமிர்த்திவிட்டேன். ஒரு லைட்டில் பல்பு உள்பக்கம் கறுத்து, இழை தொங்கிக்கொண்டிருந்தது. பல்பு மாற்றும்போது எத்தனை கட்டைக்கான பல்பு என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டு கட்டைப் பல்பை மூன்று கட்டை லைட்டில் போட்டால் ஆகா என்று எரியும், சீக்கிரமே போய்விடும்.

அத்தையின் லைட் வேறு மாதிரி. திருவிழாக் கடையில் வாங்கிய சின்ன அலுமினிய எல்இடி. மூன்று சின்னக் கட்டை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் நிற்கும், அந்தக் கூடு உடம்புக்குள் போகும். "கட்டை புதுசுடா, நேத்துதான் போட்டேன்" என்றார். கூடு தலைகீழாக இருந்தது. குண்டு பல்புக்கு எந்தப் பக்கம் என்பது பொருட்டே இல்லை, எல்இடி தலைகீழாகப் போட்டால் எரியாது. திருப்பிப் போட்டேன். எரிந்தது, ஆட்டினால் அணைந்தது. இந்த வகை லைட்டில் வாலில் ரப்பர் பட்டன் இருக்கும். வாலைக் கழற்றி உள்ளே பார்த்தால், சுவிட்சை இறுக்கிப் பிடிக்கிற ஒரு வளையம் தெரியும். வளையத்தில் எதிரெதிரே இரண்டு சின்னப் பள்ளம். அது மெல்ல மெல்லக் கழன்றிருக்கும். பையனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து, இரண்டு முனையையும் இரண்டு பள்ளத்தில் வைத்து வலப்பக்கம் திருகினேன், அரைச் சுற்று இறுகியது. அவ்வளவுதான் வேலை. இந்த வகை லைட் கெட்டால் பத்தில் பாதி இந்த வளையம்தான் என்பது என் அனுபவம். இன்னொன்று, வண்ணம் ஏற்றிய அலுமினியத்தில் அந்த வண்ணப் படலம் மின்சாரம் கடத்தாது. குழாயின் வெட்டு விளிம்பு மட்டும்தான் வாலைத் தொட்டு மின்சாரத்தை வாங்கும். அதனால் அந்த விளிம்பைத் துடைக்க வேண்டும்.

இப்போது அந்த எல்இடி சார்ஜ் லைட். இதைப் பற்றி எழுதத்தான் நான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது.

மலிவான சார்ஜ் லைட்டுகள் பலவற்றில் வோல்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவர்க் கரண்ட் 230 வோல்டு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கெப்பாசிட்டர் என்ற பாகத்தின் வழியாக நேராக உள்ளே போகிறது. அதனால் சொருகியிருக்கும்போது உள்ளே இருக்கிற எந்த உலோகத்தைத் தொட்டாலும் சுவரைத் தொட்ட மாதிரிதான். உடைந்த லைட்டை, ஓடு பிளந்த லைட்டைச் சார்ஜில் போடவே கூடாது. சுவரிலிருந்து எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். சிலதில் அது விட்டுப்போயிருக்கும். கரண்ட் திரும்பி வந்த பிறகு நான் இந்த லைட்டைச் சொருகிப் பார்த்துவிட்டு, எடுத்து, பிரித்தேன். விரல் அந்தக் கெப்பாசிட்டரின் காலில் பட்டதும் கை தோள்வரை உதறியது. பக்கத்தில் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் விரல் பட்டிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இப்போது ஒரு பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரைப் பிளாஸ்டிக் பிடி போட்ட குறட்டால் பிடித்து, அதன் இரண்டு காலையும் கெப்பாசிட்டரின் இரண்டு காலில் சில நொடி தொடவைத்த பிறகுதான் உள்ளே கைவைக்கிறேன். ஈயம் வைக்கத் தெரியாதவர்கள் இந்த வகை லைட்டைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம், தெரிந்த கடையில் கொடுங்கள்.

கோளாறு பேட்டரியில். உள்ளே இருப்பது 4 வோல்டு ஈய பேட்டரி. இரண்டு வோல்டு அறைகள் இரண்டு. அளந்தால் 2.1 காட்டியது, ஒரு அறை செத்திருந்தது. இந்தப் பேட்டரி சும்மா கிடந்தாலே சாகும். சார்ஜ் இல்லாமல் மாதக் கணக்கில் வைத்தால் தகட்டில் உப்பு மாதிரிப் படிந்து இறுகிவிடும், பிறகு ஏறாது. நாள்கணக்கில் சொருகியே வைத்தாலும் உள்ளிருக்கும் நீர் வற்றிவிடும், ஏனென்றால் நிறைந்ததும் நிறுத்துகிற ஏற்பாடு இதில் இல்லை. நான் இரண்டையும் செய்திருந்தேன். ஆறு மாதம் பரணில், பிறகு இரண்டு நாள் தொடர்ந்து சுவரில்.

அந்தச் சிவப்புப் புள்ளி? அது சுவரிலிருந்து கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. பேட்டரி ஏறுகிறதா, செத்துக் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்தப் புள்ளியை நம்பித்தானே அன்றைக்குக் கடைக்குப் போகாமல் இருந்தேன். நம்புவதற்கு ஒரே வழி எரியவிட்டுப் பார்ப்பதுதான். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் எரியவிடுங்கள், மங்காமல் நின்றால் நல்லது.

எவ்வளவு நேரம் சார்ஜ் போடுவது என்று கேட்பார்கள். என் லைட்டில் இருந்தது 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். 230 வோல்டில் அது சுமார் 70 மில்லி ஆம்பியர்தான் விடும். பேட்டரி 1 ஆம்பியர் ஹவர் என்றால் காலியிலிருந்து நிறையப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு எடுத்தால் ஒன்றும் ஏறியிருக்காது. முழுசாகக் காலியாகாத பேட்டரியை ராத்திரி முழுக்கப் போட்டு, காலையில் எடுத்துவிடுவது சரியாக இருக்கும். சார்ஜில் இருக்கும்போது லைட்டை எரியவிடாதீர்கள். பேட்டரி செத்திருந்தால் சுவரின் மின்சாரத்தைத் தாங்க ஆளில்லாமல் எல்இடிகள் கருகிவிடலாம். பேட்டரியை மட்டும் வாங்கி, சிவப்பு ஒயர் கூட்டல் பக்கம், கறுப்பு கழித்தல் பக்கம் என்று பார்த்து மாற்றினேன். இன்னும் அது ஓடுகிறது.

யூஎஸ்பி சார்ஜ் லைட்டுகளில் லித்தியம் பேட்டரி வருகிறது. பெயர் 3.7 வோல்டு, நிறைந்தால் 4.2. இதில் நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். உப்பியதை, நசுங்கியதை, தண்ணீர் போனதைச் சார்ஜ் போடமாட்டேன். பழுது பார்க்கவும் மாட்டேன். தெருவில் வந்த பதினாலில் தூக்கிப் போட வேண்டிய இரண்டும் இந்த வகைதான், வெள்ளத்தில் கிடந்தவை.

இப்போது மூன்று கட்டை அலமாரியில் நிற்கிறது. உப்புக் காற்றுக்கு இடம் கொடுக்காமல் மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, மரையைத் துணியால் துடைத்து, திரும்பத் திருகுகிறேன். கழற்றி மாட்டும் அந்த உரசலிலேயே புதுக் களிம்பு போய்விடும். மூடியின் ரப்பர் வளையத்தில் மட்டும் வாஸ்லைன், மரையில் எதுவும் கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் கட்டைகளை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். ஐப்பசி பிறந்ததும் திரும்பப் போடும்போது, கடைசிக் கட்டைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டு வைப்பேன், தெரியாமல் சுவிட்ச் நகர்ந்தாலும் எரியாது. புயல் எச்சரிக்கை வந்ததும் காகிதத்தை உருவிவிடுவேன்.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் விடாத மழை. கரண்ட் போயிருந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும், கொட்டகைப் பக்கம் ஏதோ சரிந்த சத்தம். நான் எழுவதற்குள் அம்மா அலமாரியிலிருந்து லைட்டை எடுத்துவிட்டார். கை தன் பழக்கத்தில் உள்ளங்கையில் தட்டப் போனது. அதற்குள் சுவிட்ச் நகர்ந்து வெளிச்சம் வந்துவிட்டது. வாசற்படியிலிருந்து கொட்டகை வரைக்கும் மழைக் கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. "கன்னுக்குட்டிதான், வைக்கோல இழுத்துப் போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.